இரண்டு பேருக்கு வடித்த சோறு

பேராதனையிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில் லோஜினி ஜன்னலோரம் பிடித்துவிடுவாள். தேயிலைச் சரிவைப் பனி பாதி அழித்திருக்கும். அழிந்த பாதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடுவதுதான் அவளுடைய தொழில். ஓர் ஆய்வு நிலையத்தில், எந்தத் தகவலை எதற்கு நம்பலாம் என்று பார்த்துச் சொல்பவள்.

இம்முறை அவள் பிறந்த மேல் லயத்துக்கே, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே, ஆள் கணக்கு வேண்டும். அதை வைத்துத்தான் தண்ணீர்த் தொட்டி கட்டுவார்கள். கணக்குப் பிழைத்தால் அம்மா அங்கம்மா இனியும் குடத்தோடு மலையூற்றுப் பீலியில் காத்து நிற்க வேண்டியதுதான்.

தோட்டப் பதிவில் வேலைக்கு வருபவர்கள் மட்டுமே. வாக்காளர் பெயர் இடாப்பில் பிள்ளைகள் இல்லை. பழைய கணக்கெடுப்பிலோ வீடெல்லாம் நிறைந்திருந்தது. மாலையில் நடந்தால் லயம் தூங்குவது போலிருந்தது.

பக்கத்து வீட்டு மூக்காயியிடம் கேட்டாள்.

"அத்தை, வீட்ல எத்தனை பேரு?"

"அஞ்சு."

"சதீஸ் கொழும்புலல்ல இருக்கான்?"

"அதுக்கு? உசுரோட இருக்கிற புள்ளைய இல்லன்னு சொல்லுவாங்களா? வெளக்கு வைக்கிற நேரத்துல கேக்குற கேள்வியப் பாரு!"

லோஜினி கேள்வியை மாற்றினாள். நேற்று எத்தனை பேருக்குச் சோறு வடித்தீர்கள்? தீபாவளிக்கு எத்தனை பேருக்கு? முதல் கேள்விக்கு எண் சிறுத்து லயம் பனியில் கரைந்தது. இரண்டாவதற்குக் கதவு கதவாக விளக்கேறி நிறைந்தது.

கடைசியாகத் தன் வீடு.

"நேத்து எத்தனை பேருக்கும்மா?"

"ரெண்டு."

"நீ மட்டுந்தானே இருந்த?"

"நீ திடீர்னு வந்து நின்னா? மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சு காலையில தின்னுக்குவேன். ஒனக்கென்ன?"

மறுநாள் அவள் மூக்காயி வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள். வடித்தது அல்ல, சாப்பிட்டது எத்தனை பேர்? எண் இன்னும் மெலிந்தது.

தொட்டிக்கு வரைபடம் போடும் திலக்ஷன் போனில் கேட்டான்: "ரெண்டு எண் இருக்கே, அக்கா. எதை நம்புறது?"

"தினசரி யாரு இருக்காங்கன்னு கேட்டா சின்னத. தொட்டிக்குப் பெருச. தீபாவளிக்கு எல்லாரும் வந்துருவாங்க, அன்னைக்குத் தண்ணி பத்தணும்ல."

அடுப்படியிலிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது.

"அப்ப மூக்காயி சொன்ன அஞ்சுதானே சரி? அதுக்கு எதுக்குடி ரெண்டு நாளா வீடு வீடா அலைஞ்ச?"

சோற்றின் ஆவி வாசலுக்கு வந்து பனியோடு கலந்தது. அம்மா இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.