கெலாம் காட்டைக் கைவிட்ட குணவதி

என் அம்மா குணவதி போன மாதம் லூனாஸில் இறந்துபோனாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். தவறு. அவள் அவசரக்காரி. அந்த அவசரத்தால்தான் அப்பா உயிரோடு இருந்தார், நானும் பிறந்தேன். அதை எழுதிவிடுகிறேன். வேறு வேலை எதிலும் மனம் நிற்கவில்லை.

நான் காடுகளுக்கு வரைபடம் செய்பவன். எந்த இடத்தில் எந்தச் செடிகொடிகள் கூட்டமாகச் சேர்ந்து வாழ்கின்றன என்று பிரித்து, கோடு போட்டு, நிறம் தீட்டுவது என் தொழில். அம்மா இந்த வேலையை வாழ்நாளில் ஒரே தடவை செய்தாள், 1943இல். அதையும் முதலில் தப்பாகச் செய்தாள்.

மலாய் நாட்டில், புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள். ரப்பர் பால் வாங்க ஆளில்லை, கடையில் அரிசி இல்லை. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர் எவரும் அதுவரை திரும்பவில்லை. ஒரு நாள், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மணியம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தின் முன்னால் நின்று ஜப்பான் அதிகாரியின் உத்தரவைச் சொன்னார்.

“காட்டை வெட்டிப் பயிர் போடுங்க. லாரி அடுத்த தடவ வர்றப்ப கொல்லை பச்சையா இருந்தா அந்த வீட்டு ஆம்பளைய விட்டுருவாங்க. இல்லாட்டி சயாம்தான். என்னை மொறைக்காதீங்க, நான் சொல்ற ஆளு மட்டும்தான்.”

என் அப்பா பக்கிரிசாமிக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எல்லோரும் மெர்போக் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். அம்மா முன்னால். ஆற்றை ஒட்டிய சதுப்பில் கெலாம் காடு நின்றது. காகிதம் போல உரியும் வெள்ளைப் பட்டை. ஒரே மரம், ஒரே உயரம், நேர்நேராக.

“பாருங்க மாமா, நட்டு வச்சதாட்டம் நிக்குது! இந்த மண்ணு தங்கம்!”

தோட்டத்துக் கண் அது. ஒரே வகை மரம் ஒழுங்காக நின்றால் நல்ல நிலம், கலந்து கிடந்தால் குப்பைக் காடு. ரப்பர் அவர்களை அப்படிப் பழக்கியிருந்தது. லயத்துச் சனம் முழுவதும் கெலாம் காட்டைப் பங்குபோட்டு வெட்டியது. தண்ணீர் வடிய வாய்க்கால் தோண்டினார்கள். சர்க்கரைவள்ளிக் கொடியை நறுக்கி நட்டார்கள்.

கொடி துளிர்த்தது. பிறகு மஞ்சளானது. அம்மா ஒன்றைப் பிடுங்கினாள். வேர் நுனி கறுத்துப்போயிருந்தது. வாய்க்கால் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது, கரையில் துரு படிந்திருந்தது. ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகம் உதட்டில் தெறித்தால் வரும் அதே புளிப்பு.

எனக்கு இன்று காரணம் தெரியும். அந்தச் சதுப்பு மண்ணில் கந்தகம் உண்டு. தண்ணீருக்கடியில் சும்மா கிடக்கும், வடித்துக் காற்றுப் பட்டதும் அமிலமாகிவிடும். அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கொடி சாகிறது, லாரி வரும்.

ஆற்றங்கரைவரை ஓடினாள். அங்கிருந்து மேட்டை நோக்கித் திரும்பி நடந்தாள், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே. சேற்றில் வேரை ஊன்றி நின்ற பாக்காவ் மரங்கள், வேறெதுவும் இல்லை. பின்னால் நீப்பாப் பனை, வேறெதுவும் இல்லை. அதற்கும் பின்னால் கெலாம், வேறெதுவும் இல்லை. அதைத் தாண்டித் தரை ஏறியது. அங்கே பெலுக்கார், யாரும் சீண்டாத புதர்க்காடு. காட்டு வாழை, மகாங் மரம், காட்டு இஞ்சி, பிரம்பு, சேம்பு, பெயர் தெரியாத கொடிகள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

மூச்சு வாங்க அப்பாவிடம் ஓடிவந்தாள்.

“மாமா, மரமும் நம்மளாட்டம் லயம் லயமாத்தான் குடியிருக்குது! பாக்காவ் ஒரு லயம், நீப்பா ஒரு லயம், கெலாம் ஒரு லயம். வேற ஒண்ணும் உள்ள வர முடியல. ஏன்? மண்ணு விடல! மேல வந்து பாருங்க, எல்லாச் சாதியும் ஒரே லயத்துல கெடக்குது. அந்த மண்ணு யாரையும் தொரத்தல. நம்ம கொடிய மட்டுமா தொரத்தும்?”

“இவ்வளவு வெட்டிப்புட்டு விட்டுட்டுப் போறதா?”

“உங்களையும் சேத்து இங்கயே பொதைக்கவா? பாராங் கத்திய எடுங்க!”

அடுத்த கொல்லைக்காரி செல்லாயி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். “பக்கிரிண்ணே, அக்காவுக்குப் பேய் புடிச்சிருக்குலா! மொதல்ல கோயிலுக்கு இட்டுட்டுப் போங்க.”

“ஒன் கொடி மஞ்ச குளிச்சுட்டு நிக்குதே, மொதல்ல அதுக்குத் தாலி வாங்குடி!”

அம்மாவின் விதி எல்லா இடத்திலும் செல்லாது. ஒரே வகை மரம் நிற்கும் நல்ல மண்ணும் உண்டு. அவள் ஊகித்தாள். அந்தச் சரிவில் ஊகம் சரியாக இருந்தது. மேட்டில் நட்ட கொடி கரும்பச்சையாகக் கிளம்பித் தரையை மூடிக்கொண்டு ஓடியது. அம்மா கீழே போய்ச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். சிலர் ஏறி வந்தார்கள். பலருக்கு வெட்டிய நிலத்தை விட மனம் வரவில்லை. செல்லாயியும் அவள் புருஷன் முனியாண்டியும் கடைசியாக வந்தார்கள். அம்மா தன் கொடியிலிருந்தே வெட்டிக் கொடுத்தாள். இரண்டு கொல்லைக்கும் நடுவே மூங்கில் குச்சிகள் நட்டார்கள்.

செல்லாயியின் துண்டுகள் இரண்டு இலை விடுவதற்குள் லாரிச் சத்தம் கேட்டது.

“குச்சிய பிடுங்குடி!” என்றாள் அம்மா.

“ஒங்க கொல்லையும் சேந்து போயிருமேக்கா!”

“பேசாத, பிடுங்கு!”

பிடுங்கிப் புதரில் எறிந்தார்கள். அம்மா தன் நீளமான கொடிகளைத் தூக்கிச் செல்லாயியின் வெற்று மண்மேல் இழுத்துப் போட்டாள். நிமிரும்போது அதிகாரி வந்துவிட்டார், பக்கத்தில் மணியம்.

“எது யாருதுன்னு கேக்குறாரு.”

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லைதான்.”

மணியம் தரையைப் பார்த்தார். வரிசையாகக் குச்சி இருந்த குழிகள். அம்மாவைப் பார்த்தார். அப்படியே நகர்ந்து ஒரு குழியின்மேல் காலை வைத்துக்கொண்டு, அதிகாரியிடம் மலாயில் சொன்னார்: “சாமா சாமா, துவான்.” இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தது ஐயா, என்று அர்த்தம்.

அதிகாரி ஒரு கொடியை இழுத்தார். விரல் தடிமனில் சிவப்பாக ஒரு கிழங்கு வந்தது. அதைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

லாரி கீழே கெலாம் நிலத்தில் நின்றது. அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அழுகை மேட்டுவரை கேட்டது.

அப்பாவும் முனியாண்டியும் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லாயி உட்கார்ந்துவிட்டாள்.

“உக்காராத செல்லாயி, அவன் திரும்ப வருவான்,” என்றாள் அம்மா. “கீழ மிச்சம் இருக்கிற ஆளுங்களயாவது கூட்டிட்டு வா. மேல இன்னும் எவ்வளவு பெலுக்கார் கெடக்குது பாரு!”

சொல்லி முடிக்கும் முன்பே பாராங்கோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.