மஞ்சள் தண்ணீர் குடித்த இன்ஜின்

என் பழைய ஜீப்பின் டீசல் இன்ஜினை நிறுத்தச் சாவியைத் திருப்பினால் போதாது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்த பிறகும் உடம்பை ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு வேண்டாவெறுப்பாகத்தான் அடங்கும். உள்ளே ஒயர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எங்கள் ஊர் செம்மண்டலத்தில் நான் வண்டியை எடுத்தால் அடுத்த தெருக் குழந்தை விழித்துக்கொள்ளும். எனக்கு அதில் தனிப் பெருமை.

புகை விதிகள் மாறியதும் கம்பெனி அந்த இன்ஜினைச் செய்வதையே நிறுத்திவிட்டது. பிறகு என் இன்ஜினின் பிளாக்கில், அதாவது அதன் இரும்பு உடம்பிலேயே, விரிசல் விழுந்தது. சிதம்பரத்தில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கும் கையை விரித்தார். “இதுக்கு பிளாக்கு எங்கயும் கெடைக்கல சார். வுட்டுடுங்க.” எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அதே முகவெட்டில் ஒரு புது ஜீப் வாங்கினேன். திறந்தால் எங்கு பார்த்தாலும் சென்சார், ஒயர். சத்தமும் இல்லை. என் மனைவிக்கு அதில் சந்தோஷம்.

என் கவலையெல்லாம் மாசி மகம்தான். எங்கள் தெரு அம்மனை டிரெய்லரில் வைத்து, தேவனாம்பட்டினம் மணலில் கடல் வரைக்கும் இழுத்துப் போவது என் ஜீப். ஊரில் எனக்கிருக்கும் ஒரே மரியாதை அது. புது வண்டி சொதப்பினால் அந்த இடத்தைப் பிடிக்க டிராக்டர் வைத்திருப்பவர்கள் தயாராக நிற்கிறார்கள்.

பல வருஷம் முன்பு, மணலைத் தொட்டதும் பழைய இன்ஜின் கொதித்துவிட்டது. அவசரத்துக்கு யாரோ அம்மனுக்கு வைத்திருந்த மஞ்சள் தண்ணீரை எடுத்து ஊற்ற, வண்டி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அது சடங்கு. மணல் வந்ததும் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கு ஒரு குடம். போன மாசி மகத்திலும் பூசாரி குடத்தோடு வந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நான்தான் பானெட்டைத் திறந்தேன். குடம் முழுவதும் சென்சார், ஒயர் மேல் இறங்கியது.

கடற்கரையில் பாதி தூரம் போனதும் டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி முனகியதே தவிர நகரவில்லை. பிறகு இன்ஜின் அணைந்தே போனது. பின்னால் அம்மன்.

என் மனைவியின் தம்பி எட்டிப் பார்த்தான். “எறங்காத மாமா. ஸ்டியரிங்க மட்டும் புடி.” மீனவர்களிடம் படகு இழுக்கும் கயிறு வாங்கி வந்து முன்னால் கட்டினார்கள். தெருவே சேர்ந்து ஜீப்பையும் டிரெய்லரையும் இழுத்தது. சிரிப்பும் கூச்சலுமாகப் போனார்கள். நான் மாப்பிள்ளை மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தேன். பழைய இன்ஜின் இருந்திருந்தால் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

அம்மன் நல்லபடியாகத் தீர்த்தமாடினாள். டிராக்டர் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். நாதஸ்வரக்காரர்தான் முதலில் வந்தார். “இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் சார் நாங்க வாசிச்சது எங்களுக்கே கேட்டுது.” சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். என் வண்டிச் சத்தத்தில் நாதஸ்வரமே கேட்காது என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

“அப்ப அடுத்த வருஷம்?” என்று கேட்டேன்.

“நீ இல்லாம எப்பிடி மாமா?” என்றான் மச்சான். “வண்டிய எடுத்துனு வா. மணலுக்கு வந்ததும் ஆஃப் பண்ணிடு.”