நோட்டோடு வந்த ஆள்

செக்கிங் அக்காவுக்குச் சட்டைக் கம்பெனியில் துணியில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். பஸ்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம், எங்கள் ஸ்டாப்புக்கு எதிரே ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார்.

"முழியே சரியில்ல. நம்மள நோட்டம் விடறான்டி," என்றாள் அக்கா.

அவள் பேச்சைக் கேட்டு, அங்கே ஏறுகிற பதினாலு பேரும் மூன்று நாள் லொங்குலொங்கென்று அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய் ஏறித் தொலைத்தோம்.

நாலாம் நாள் அவரைக் காணோம். கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'மூன்று நாள் கணக்கெடுப்பில் ஒருவர்கூட ஏறாததால் இனி இங்கே பஸ் நிற்காது.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அவன் ஆளு சரியில்லன்னு நான் அன்னைக்கே சொல்லல?"