பன்னுவின் ரேங்க்

வெயிலில் காய்ந்த பேட்டரி செல்லைக் கையில் எடுத்தால், அப்போதுதான் வறுத்து இறக்கிய வேர்க்கடலை மாதிரி சுடும். விவேக் நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில், அம்மா காயப்போட்ட மிளகாய்க்குப் பக்கத்தில் நான்கு செல்களை நிறுத்திவைத்து, தீர்ந்துபோனவற்றை இன்னும் அரைமணி நேரம் ஓடவைப்பது எனக்குத் தெரிந்த பல வித்தைகளில் ஒன்று. தெரியாதது என்று ஒன்று இருப்பதாகவே அந்த வயதில் நான் நம்பியதில்லை. ஆறாம் வகுப்பில் எல்லாப் பரீட்சையிலும் முதல் ரேங்க் வாங்கியவளுக்கு அந்தத் திமிர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். "கலெக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்று அப்பா கிண்டல் செய்வார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

செல்கள் எல்லாம், தொண்ணூறுகளின் கடைசியில் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமுக்கு. உள்ளங்கையளவு மெஷின். அதில் புல்வெளியில் நடந்தால் விசித்திரமான பிராணிகள் குறுக்கே வரும். அவற்றைப் பிடித்து, பழக்கி, மற்ற பிராணிகளோடு மோதவிட வேண்டும். ஒரே தொல்லை, எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில் இருந்தது. எண்கள் மட்டும்தான் நமக்குத் தெரிந்தவை. எந்த எண் வயது, எந்த எண் பலம் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். மிச்சமிருந்தது, ஒவ்வொரு பிராணியின் படத்துக்கும் மேலே மூலையில் ஒன்று முதல் ஐந்துவரை ஏதோ ஓர் எண். பிடித்த நாளிலிருந்து அது மாறவே மாறாது.

ரேங்க் கார்டு பார்த்து வளர்ந்த எனக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்று என்றால் முதல் ரேங்க், ஐந்து என்றால் கடைசி பெஞ்ச். பிடித்தவற்றை வைத்துக்கொள்ள விளையாட்டில் இருந்த பெட்டியில் இருபது பிராணிகளுக்குத்தான் இடம் என்பதால் ஐந்துகளையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் விரட்டினேன். ஒருமுறை விட்டால் போனதுதான், அதே பிராணி திரும்பக் கிடைக்காது.

பக்கத்து "போர்ஷன்" ஷபானா என் வகுப்புதான். வீட்டில் உருது, தெருவில் கன்னடம், என்னோடு தமிழ் என்று மூன்று மொழியிலும் வாயடிப்பாள், பரீட்சையில் மட்டும் வாய் திறக்கமாட்டாள். அந்தக் கோடை விடுமுறையில் மெஷின் என்னுடையது, விளையாட்டு இருவருடையது. அவள் பிடித்த முதல் பிராணி பழுப்பாக, உருண்டையாக, பேக்கரி பன் போலவே இருந்ததால் அதற்குப் பன்னு என்று பெயர் வைத்தாள். மூலையில் ஐந்து.

"அது கடைசி ரேங்க் டி, விட்டுரலாம்" என்றேன்.

"அரே, சும்மா இரு டி. நானும்தான் கடைசி ரேங்க். என்னையும் வெளிய அனுப்பிடுவியா?"

அன்றைக்கு விட்டுவைத்தேன். ஆனால் பெட்டியில் இடம் இல்லை. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்காக அவள் ஒரு வாரம் கோலாருக்குப் போனபோது, நான் பன்னுவை விட்டுவிட்டேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அதே வகை உருண்டைப் பிராணி இன்னொன்று, மூலையில் ஒன்றாம் எண் போட்டது, மறுநாளே கிடைத்தது. ஷபானா வருவதற்குள் அதைப் பன்னுவின் வயதுக்கு வளர்த்து அசத்திவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்தில்கூட மெஷினை விடவில்லை. வளர்ந்ததும் ரஃப் நோட்டில் எழுதிவைத்திருந்த பன்னுவின் பலத்தோடு ஒப்பிட்டேன். பன்னுவுக்கு முப்பத்தொன்று, இதற்கு இருபத்திநான்கு. எங்கேயோ தப்பாக எழுதிவிட்டேன் என்று வேறு வேறு பிராணிகளைப் பிடித்து, ஒரே வகையை ஒரே வயதுக்கு வளர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பெரிய எண்தான் ஜெயித்தது. அது ரேங்க் இல்லை, மார்க். நான் இத்தனை நாளும் நல்லதையெல்லாம் விரட்டிவிட்டு மட்டமானவற்றைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறேன்.

ஷபானா கையில் மருதாணியோடு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "என் பன்னு எப்படி இருக்கு?" என்றாள். நான் நோட்டை விரித்து, என் கண்டுபிடிப்பை ஆதாரத்தோடு விளக்கி, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தேன். "ஸாரி டி. இருந்ததிலேயே பன்னுதான் டாப்பு. தெரியாம விட்டுட்டேன்."

அவள் நோட்டைப் பார்க்கவேயில்லை. "அது மட்டமாவே இருந்திருந்தா ஸாரி சொல்லிருப்பியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளும் விளையாட வந்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்தப் பிராணிக்கும் பெயர் வைக்கவில்லை.

இப்போது இந்த விளையாட்டுகளெல்லாம் போனில் வந்துவிட்டன. எந்தப் பிராணி உசத்தி என்று நட்சத்திரம் போட்டு, தமிழிலேயே விளக்கியும் விடுகிறார்கள், என்னைப்போல் ஏமாற எந்தக் குழந்தைக்கும் வாய்ப்பில்லை. அந்த மெஷின் என்றோ செத்துவிட்டது. இரண்டு போர்ஷன்களும் இடிபட்டு அங்கே அடுக்குமாடி நிற்கிறது, ஷபானா குடும்பம் எங்கே போனது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. நான் ஓசூர் ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் ஒன்பது பேருக்கு மேலாளர். வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போடுவது என் வேலை. அதைத் திறமையாகவே செய்கிறேன், என் கணிப்பு தவறியதாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முதல் பெயருக்கு எதிரே எண்ணைப் போடும்போது, அவள் கேட்டதற்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்: சொல்லியிருக்க மாட்டேன், ஷபானா.