மழுங்கிய பிளேடில் வெட்டிய இலை

ஆய்வுக்கூடத்தில் அவரைச் 'சீவல் அண்ணன்' என்பார்கள். இலையைக் கண்ணாடித்தாள்போல மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றி, நுண்ணோக்கிக்குத் தயார் செய்வது அவர் வேலை. இருபத்தாறு வருடங்களில் அவர் வெட்டியதை யாரும் குறை சொன்னதில்லை.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள். இலையைத் தாக்கும் பூஞ்சையைக் கரைத்துவிடும் நொதி ஒன்று செல்லுக்கு உள்ளே இருக்கிறதா, வெளிச்சுவரில் இருக்கிறதா என்பதே அவள் கேள்வி. நொதி இருக்குமிடத்தில் சாயம் செம்பழுப்பாகப் பிடிக்கும்.

அவள் இலை கொண்டுவந்த அன்று அவர் மனைவிக்குக் கண் அறுவைச் சிகிச்சை. பிளேடு மழுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் மாற்றாமலே சீவினார். இலை அறுபடவில்லை, நசுங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்தது.

மறுநாள் மாணவி குதித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, வந்து பாருங்க! எல்லாம் சுவத்துலயே நிக்குது!"

செல் உடைந்து, உள்ளிருந்தது கசிந்து சுவரில் ஒட்டியிருக்கலாம் என்று அவருக்குச் சுருக்கென்றது.

"இன்னொரு தடவை சீவிப் பாப்பமா?"

"உங்க கைமேலயா சந்தேகப்படுவேன்? போங்கண்ணே!"

பிளேடைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. பிறகு புது பிளேடில் வெட்டிய இலைகளில் நிறம் உள்ளே தெரிந்தது. சாயம் சரியாக ஏறவில்லை என்று அவள் அவற்றை ஒதுக்கினாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வருடம் ஓடிற்று. அந்த நொதி செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள்தான் இருக்கிறது என்று வேறொரு கூடம் காட்டிவிட்டது. அவள் ஆய்வேடு திரும்பி வந்தது.

மேசையை அவள் காலி செய்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார். சொல்லி முடிக்கும்வரை அவள் புத்தகங்களைக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே ஏண்ணே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சும்மா. மறுபடி ஆரம்பி, எத்தனை வேணும்னாலும் சீவித் தர்றேன்."

"கோவமெல்லாம் இல்லண்ணே. எனக்குத் தெம்பு இல்ல, அவ்வளவுதான்."

ஒரு விதைப் பரிசோதனை அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். மதிய இடைவேளையில், தோழிகளோடு சிரித்துப் பேசியபடி அவள் வெளியே வந்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராமல், எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பேருந்தில் ஏறிவிட்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.