ஆறு பேட்டரிக் கட்டைகள்

மைக் செட் தொழிலுக்கு வந்து பதினாலு வருசம் கழித்துத்தான் முதன்முதலில் ஒரு கீபோர்டுக்கு ஒயர் கொடுத்தேன். அதுவரை இரண்டு மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் ஆம்ப், இதுதான் என் தொழில். இப்போது செட் போடும் தம்பிகளுக்காக அந்தக் காலையை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது.

செம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். குருத்தோலை ஞாயிறு. ஊருக்கு வெளியே மாதா சிலை வைத்த குகை மாதிரியான கெபியில் ஓலையை மந்திரித்து, பாட்டோடு பவனியாகக் கோயிலுக்கு வர வேண்டும். பாடகர் குழுவுக்கு பிலோமினா டீச்சர். தவக்காலம் முழுக்கத் தன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைக் கீபோர்டோடு பாடப் பழக்கியிருந்தார். பங்குச்சாமியாருக்குத்தான் அதில் மனசில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் பாப்போம் டீச்சர். மக்கர் பண்ணுச்சுன்னா பெட்டியில வச்சுப் பூட்டிருங்க. வாயால பாடுனாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

விடிகாலையில் கெபிக்கு முன்னால் டயர் மாட்டுவண்டியில் ஆம்பையும், அதற்குப் பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரியையும் வைத்துக் கட்டினேன். டீச்சர் ஏறி உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். கீபோர்டு ஒயரை மைக் துளையில் கொடுத்தால் சத்தம் கிழியும், ஆக்ஸ் துளையில்தான் கொடுக்க வேண்டும் என்று முந்தின நாளே ரேடியோ கடையில் கேட்டு வைத்திருந்தேன். அப்படியே சொருகிவிட்டு, பெருமையாக, "வாசிங்க டீச்சர்" என்றேன்.

சத்தம் இல்லை. கீபோர்டில் லைட்டே எரியவில்லை.

"அண்ணே, இதுக்குக் கரண்டு?" என்றார் டீச்சர். அடாப்டர் ஒயர் அவர் கையில் தொங்கியது. வெட்டவெளியில் பிளக் ஏது? வீட்டுச் சுவரில் சொருகியே வாசித்த அவருக்கும் தோணவில்லை, ஆம்புக்குப் பேட்டரி சுமந்து வந்த எனக்கும் தோணவில்லை.

சாமியார் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. அடாப்டர் ஒயரை வெட்டி நேரே கார் பேட்டரியில் கொடுத்துவிடலாம் என்று கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

"நில்லுங்கண்ணே!" டீச்சர் கீபோர்டைக் கவிழ்த்துப் படித்தார். "ஒம்பது வோல்ட்டுன்னு போட்டிருக்கு. பன்னெண்டக் குடுத்தாப் பொகஞ்சு போகும். இந்தா, ஆறு கட்டை போட எடம் இருக்கு பாருங்க."

டார்ச் லைட்டில் போடும் பெரிய கட்டை. அந்நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு இரண்டு பேர் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். பூந்தோட்டக்காரர் கருப்பையாவும், பக்கத்துத் தோட்டத்து முருகனும். கையில் டார்ச் லைட். டீச்சர் வண்டியிலிருந்து குதித்து ஓடினார்.

விசயத்தைக் கேட்டதும் கருப்பையா மூடியைத் திருகினார். "மாதாவுக்குத்தானம்மா, எடுத்துக்க. ஆனா ராத்திரிக்கும் எனக்குத் தண்ணி முறை இருக்கு. பூச்சி பொட்டு கெடக்கும், மறந்துராத. ஏலே முருகா, ஒன் லைட்டையும் குடுறா."

"குடுக்கிறேன். பாட்டு நல்லா இல்லன்னா பாதி வழியில கட்டைய உருவிருவேன்" என்றார் முருகன்.

ஆளுக்கு மூன்று. டீச்சர் ஒவ்வொரு கட்டையிலும் பேனாவால் 'க', 'மு' என்று எழுதினார்.

"எதுக்கு டீச்சர்?"

"முருகண்ணன் கட்டை புதுசு, இவருது பழசு. மாறிறக் கூடாதுல்ல."

லைட் எரிந்தது. வண்டி குலுங்கும்போது சொருகிய முனை கழன்றுவிடாமல் ஒயரை வண்டியின் முளைக்குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். 'ஓசன்னா' என்று பிள்ளைகள் எடுக்க, கீபோர்டும் சேர்ந்துகொண்டது. ஆண்டவர் கிருபை, கோயில் வாசல் வரை ஒரு கரகரப்பு இல்லை. முருகன் ஓரமாகவே நடந்து வந்தார். கட்டையை உருவவில்லை.

வாசலில் சாமியார் டீச்சரைப் பார்த்து, "உயிர்ப்பு ஞாயித்துக்கிழமைக்கும் இது உண்டுல்ல?" என்று மட்டும் கேட்டார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசை முடிந்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரோ முதல் வேலையாகக் கட்டைகளைக் கழற்றி, எழுத்துப் பார்த்துப் பிரித்து, முருகனுடைய மூன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, கருப்பையா வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். கருப்பையா லைட்டைப் போட்டு உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். "எரியுதும்மா" என்றார்.

தம்பிகளே, எந்தக் கருவி வந்தாலும் முதலில் கவிழ்த்துப் படியுங்கள். என் ஒயர்ப் பெட்டியில் அன்று முதல் ஆறு கட்டைகள் எப்போதும் உண்டு. இரவல் வாங்கும் பொருளில் உடையவர் பேரை எழுதிவிடுகிறேன். அத்தனை பதற்றத்திலும், அன்று ராத்திரி ஒருவர் வரப்பில் நடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தது டீச்சரின் பேனா.