மாடி மாமாவை வழியனுப்பிய காட்சி

என் பெரியப்பா தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் வேலையை முப்பத்து நான்கு வருடம் பார்த்தவர். எந்தச் சந்தில் எந்தக் கதவு எண் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "ஊர் விலாசமெல்லாம் தெரியும், சொந்த மூக்குக்கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியாது" என்பாள் பெரியம்மா. மேலதிகாரி தும்மினால்கூட எழுந்து நிற்கிற சுபாவம் அவருக்கு.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் மாடியறைக்கு ஒருவர் குடிவந்தார். தன் நாட்டு ஆட்சியை எதிர்த்துப் போராடியவர். அங்கே அவர் தலைக்கு விலை வைத்திருந்தார்கள். எங்களுக்கு அவர் மாடி மாமா, அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு உருளைக்கிழங்கு உரித்துத் தருவார். தோலோடு பாதிக் கிழங்கும் போய்விடும். "நாட்டை எப்படித்தான் ஆளப்போறீங்களோ!" என்பாள் அவள். வீடே அதிரச் சிரிப்பார். பள்ளிக்கூடத்துக்காக நான் வரைந்த படத்தில் அவர் நாட்டைச் சின்னதாகப் போட்டுவிட்டேன் என்று என்னோடு இரண்டு நாள் டூ விட்டார். அந்த ஒன்றரை வருடம் இருந்த கலகலப்பு எங்கள் வீட்டில் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு போலீஸ் வந்தது. வீட்டுக்கு அல்ல, தபால் ஆபீஸுக்கு. "அரசாங்க வேலை வேணுமா, மாடியில இருக்கிறவர் வேணுமா?" என்று பெரியப்பாவை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். மறுநாள் மதியம் அவர் மாடிக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாடி மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பெரியப்பா வாசல்வரைகூட வரவில்லை. குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார். பெரியம்மா எட்டு நாள் அவரோடு பேசவில்லை.

மாடி மாமா நாடு திரும்பித் தேசத்தலைவர் ஆனார். அவர் எழுதிய சுயசரிதையில் எங்கள் வீட்டைப் பற்றி ஒரே வரி: "வீட்டுக்காரர் நல்ல மனிதர்." பெரியப்பா படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தார். திட்டி எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார், பாவம்.

அந்த ஒரு வரியை நம்பி, போன மாதம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். மறைந்த தலைவர் நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்த வருடங்களைப் படமாக்குகிறார்களாம். எங்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு. வழியனுப்பும் காட்சியில் வீட்டுக்காரர் தலைவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்.

"அப்படி நடக்கலீங்க. நான்தான் போகச் சொன்னேன்" என்றார் பெரியப்பா. எண்பத்தோரு வயதில், வெளியாளிடம் முதல்முறையாகச் சொன்னார்.

இயக்குநர் சிரித்தார். "ஐயா, படத்துல ஒரு நல்லவராவது வேணும்ல?"

கேமரா ஓடியது. மாடிப்படியில் தலைவராக நடிப்பவர் பெட்டியோடு இறங்கினார். அதே நடை. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கீழே, பெரியப்பாவாக நடிக்கிற பையன் கையை விரித்துக்கொண்டு நின்றான். அவனை விலக்கிவிட்டு நிஜப் பெரியப்பா குறுக்கே போய் நின்றார்.

"எங்கயும் போக வேணாம் சார். வேலை போனா போகட்டும். மேல வாங்க" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

நடிகர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் கத்துவதற்கு வாயெடுத்தார். பெரியம்மா இயக்குநரின் கையை இறுகப் பிடித்தாள்.

"கொஞ்சம் சும்மா இருப்பா. இதைச் சொல்ல அவருக்கு அம்பது வருஷம் ஆயிருக்கு."